வள்ளியூர் தபாலும் என் இரண்டு காலும்

கால் வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்லக் கூடாத உத்தியோகம் ஒன்று உண்டென்றால் அது தபால் ரன்னர் உத்தியோகம்தான். சொன்னால், "அப்போ வீட்டுல கெட, வேற ஆளைப் பாத்துக்கிடுதோம்" என்பார்கள். மெத்தையில் சாய்ந்து சம்பளம் வாங்குகிற மகராசன்களுக்கு இது விளங்காது, அவர்கள் வேறு பக்கம் போய்ப் படிக்கட்டும். யாரோ ஒருத்தன் கடிகாரத்துக்குப் பயந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகிறவர் நீங்களும் என்றால், வாருங்கள், உட்காருங்கள். உங்களிடம்தான் எனக்குப் பேச்சு.

என் பெயர் பேச்சிமுத்து. நான் ஓடிய காலத்தில் வள்ளியூருக்கு ரயிலும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. ஸ்டாம்பில் பழைய ராஜா தலை போய்ப் புது ராஜா தலை வந்திருந்த சமயம். வள்ளியூரிலிருந்து திருநெல்வேலி பாலம் ஸ்டேஷன் வரைக்கும் ஏறக்குறைய இருபத்தேழு மைல். அவ்வளவு தூரமும் தபால் பை மனுசன் தோளில்தான் போகும். நாங்கள் ஐந்து பேர். ஒருத்தன் ஐந்தாறு மைல் ஓடி அடுத்தவன் தோளுக்குப் பையை மாற்றுவான். கையில் ஒரு கம்பு, கம்பில் மணி. மணிச் சத்தம் கேட்டால் எப்பேர்ப்பட்டவன் வண்டியும் ஓரத்துக்கு இறங்கிவிடும். வள்ளியூரிலிருந்து கிளம்புகிற முதல் கட்டம் என்னுடையது.

வாய் முந்திக்கொண்டது

ஒருநாள் தபால் இன்ஸ்பெக்டர் வள்ளியூர் ஆபீசுக்கு ஒரு ஜட்கா குதிரைவண்டியில் வந்து இறங்கினார். வண்டியை ஓட்டி வந்தவர் அதன் சொந்தக்காரரேதான். ஊரில் எல்லோரும் அவரை ஜட்கா அண்ணாச்சி என்போம். எனக்கு அடுத்த கட்டத்து ரன்னர் இசக்கியும் நானும் வாசலில் நின்றோம். இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்த்து, "அடுத்த மாசத்திலிருந்து பை ஜட்காவில் போகும். ஐந்து மணி நேரத்தில் ஸ்டேஷனில் சேர்த்துவிடுவதாக இவர் குத்தகை கேட்கிறார். நீங்கள் ஐந்து பேர் தோள் மாற்றுகிறீர்கள், நாலு இடத்தில் தாமதம். ஒருத்தன் வெற்றிலை போடுகிறான், ஒருத்தன் ஊர்க்கதை பேசுகிறான். எப்படிப் பார்த்தாலும் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது" என்றார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! ஐந்து குடும்பத்தைத் தெருவில் நிறுத்துகிற சேதியை, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதைப்போல் சொல்கிறாரே மனுசன்! "தோள் மாத்துததுதான் உங்களுக்குக் குத்தம்னா, ஐயா, நான் ஒரு ஆளே ஓடுதேன். பையை யாரு தோளுக்கும் மாத்தாம அஞ்சு மணி நேரத்துல ஸ்டேஷன்ல வைக்கேன். வச்சா ரோடு எங்களுக்கு, வைக்காட்டா ஜட்காவுக்கு" என்றேன். ஒரு ஆள் சேர்ந்தாற்போல் இருபத்தேழு மைல் ஓடி அந்த ரோட்டில் எவனும் பார்த்ததில்லை. இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே, "அதையும்தான் பார்ப்போமே. ஆனி மாதம் வருகிறேன்" என்று ஏறிப் போய்விட்டார். வண்டி போன புழுதி அடங்கினபிறகு இசக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஏலே, ஒன் வாயி இப்பமே திருநெல்வேலி போய்ச் சேந்துட்டு. காலு எப்பம்லே போவும்?"

அம்மிக்குழவிக்கு ஊர்வலம்

பழக வேண்டுமே! என் கட்டத்தை ஓடி முடித்துப் பையை இசக்கியிடம் கொடுத்துவிட்டு, அவன் கூடவே அவன் கட்டத்தையும் ஓடினேன். முதல் வாரம் நாங்குநேரியோடு நாக்குத் தள்ளிவிட்டது. அடுத்த வாரம் அதையும் தாண்டினேன். பையைக் கொடுத்தபிறகு தோள் சும்மா கிடக்கிறதே, பாரத்தோடு ஓடினால்தானே கணக்கு என்று யோசித்து, மறுநாளிலிருந்து வீட்டு அம்மிக்குழவியை ஒரு கோணியில் சுற்றி, இசக்கி பைக்குக் காத்திருக்கிற சாவடியில் கொண்டுபோய் வைத்துக்கொண்டேன். பையை அவன் தோளில் ஏற்றியதும் குழவியை என் தோளில் ஏற்றிவிடுவேன்.

வீட்டில் பொன்னம்மா இரண்டு நாள் துவையலுக்குக் குழவியைத் தேடித் தேடிப் பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டையே போட்டுவிட்டாள். மூன்றாம் நாள் நான் கோணியோடு வீட்டுக்குள் நுழைந்தேன். அவிழ்த்துப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கல்யாணமாயி இத்தனை வருசமாச்சு, என்னைய ஒரு நாங்குநேரித் தேருக்குக் கூட்டிட்டுப் போனியளா? அம்மிக்குழவிக்கு வந்த யோகத்தைப் பாரு!"

அவசரமில்லாத ஒருத்தர்

ஊர் சும்மா இருக்குமா? பேய் பிடித்து ஓடுகிறேன் என்றார்கள் சிலர், கடன்காரனுக்குப் பயந்து ஓடுகிறேன் என்றார்கள் சிலர். நாங்குநேரியில் ஒரு பிள்ளைவாள். நல்ல நஞ்சைக்காரர், பங்காளிகளோடு வரப்புத் தகராறில் தலைமுறையாகக் கோர்ட்டுக்கு நடக்கிற குடும்பம். தினமும் வயல் மடையில் நின்று நான் போவதைப் பார்ப்பார். ஒருநாள் கையைக் காட்டி நிறுத்தி விசாரித்தார். ஜட்கா சங்கதியைச் சொன்னேன். ஐந்து மணி நேரத்தில் தபால் போனால் ஊருக்கே பெருமைதானே என்று என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன்.

"பைய ஓடும்வே. எனக்கு வாரதெல்லாம் சம்மன். நீரு சீக்கிரமாக் கொண்டாந்து இப்பம் இங்கன யாருக்கு வெளக்கேத்தப் போறீரு?"

பதனீர் வைத்தியம்

மூன்றடைப்புக்கு இந்தப் பக்கம் பனங்காடு. வெயிலில் நாக்கு வறண்டு வந்தபோது பனையேறி ஒருவர் பதனீர் இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு பனையோலைப் பட்டை கேட்டேன், ஊற்றினார். இன்னொரு பட்டை கேட்டேன், அதையும் ஊற்றினார். மூன்றாவதையும் குடித்துவிட்டு, யானை பலம் வந்துவிட்டதென்று நினைத்து எடுத்தேன் பாருங்கள் ஓட்டம்! ஒரு கூப்பிடு தூரம் போயிருப்பேன். வயிறு ஒரு புரட்டுப் புரட்டியது. ரோட்டோரத்து உடைமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குடித்தது அத்தனையையும் மண்ணுக்கே கொடுத்தேன். முள் குத்தியதுதான் மிச்சம். பனையேறி பின்னாலேயே வந்து, கலயத்தைக் கீழே வைத்து, என் முதுகைத் தடவிவிட்டார். பாவம், அவருக்கு என் வயிற்றைவிடத் தன் பதனீர் வீணாய்ப்போனதில்தான் வருத்தம்.

"பதனியக் குடிச்சா மரத்தடியில படுக்கணும்வே. ஓடுத ஆளுன்னு மொதல்லயே சொன்னா வெறுந்தண்ணி தந்திருப்பம்லா?"

மணி இல்லாத தபால்

ஆனி மாதம் இன்ஸ்பெக்டர் சொன்னபடி வந்தார். வழக்கமான தபால் அன்றைக்கும் வழக்கப்படி போக வேண்டும். அதனால் எனக்கு அதே எடையில் மணல் கட்டிய பை ஒன்றைக் கொடுத்தார்கள். கம்பையும் மணியையும் கேட்டேன். "அது சர்க்கார் தபாலுக்கு உள்ளது, மணலுக்கு இல்லை" என்று மறுத்துவிட்டார் ரன்னர்களை மேய்க்கிற ஓவர்சீர். காலையில் ஜட்காவும் நானும் ஒரே நேரத்தில் கிளம்பினோம். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தோடு வண்டியில், நான் மணலோடு ரோட்டில். வண்டி என்னைத் தாண்டிப் போன போது பயமாகத்தான் இருந்தது. போனால் போகட்டும், எனக்குப் போட்டி குதிரையோடு இல்லை, அந்த ஐந்து மணி நேரத்தோடுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நாங்குநேரிவரை தங்கமாய் வந்தேன். அதற்கப்புறம் பிடித்தது சனி. சந்தைக்குப் போகிற வைக்கோல் வண்டிகள், ரோட்டை அடைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாய். இடப்பக்கம் வாய்க்கால், வலப்பக்கம் முள். எத்தனையோ வருசமாய் மணிச் சத்தத்துக்கு ஒதுங்கிப் பழகின மாடுகள், என் சத்தத்தை மதிக்குமா? "தபாலு! தபாலு! ஒதுங்கும்வே!" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன், ஒரு சக்கரம் அசையவில்லை. மணி இல்லாமல் ஓடிப் பார்க்க வேண்டும் என்று ஒரு மாதத்தில் ஒருநாளாவது எனக்குத் தோன்றியதா? காலைப் பழக்கினேன், தோளைப் பழக்கினேன், இது புத்தியில் ஏறவே இல்லை. நேரம் போகிறதே என்று அழுகையே வந்துவிட்டது எனக்கு. கடைசி வண்டிக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். அவரிடம் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கீழே குதித்து, தன் வலத்து மாட்டின் கழுத்து மணியைக் கயிற்றோடு அவிழ்த்து என் கழுத்தில் மாட்டிவிட்டார். அதன்பிறகு முன்னால் போன வண்டியெல்லாம், ஏதோ காளை அறுத்துக்கொண்டு வருகிறதென்று தானாய் ஒதுங்கியது. பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"வழியில புல்லைக் கண்டா நின்னுராதயும்வே!"

பாளையங்கோட்டைத் தண்ணீர்

ரெட்டியார்பட்டி மேட்டில் கெண்டைச் சதை இழுத்துப் பிடித்தது. உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எழுந்திருக்க மனசே இல்லை. எவன் தபால் எவன் கையில் போனால் எனக்கென்ன, சவத்தை விட்டுத் தள்ளு என்றுதான் தோன்றியது. ஆனால் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது, இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பு. அவர் சிரித்தாரே என்று எழுந்தேன். வீம்புக்கு எழுந்தேன், வீம்புக்கே நொண்டினேன், நொண்டலே கொஞ்ச நேரத்தில் ஓட்டமாகிவிட்டது.

பாளையங்கோட்டையில் ஒரு அம்மாள் குழாயடி கிடையாத அந்தக் காலத்தில் கிணற்றிலிருந்து தூக்கி வந்த குடத்தோடு எதிரே வந்தாள். "அம்மா, தண்ணி" என்றேன். குடிக்கக் கேட்டதாக நினைக்காமல் முழுக் குடத்தையும் என் தலையில் கவிழ்த்துவிட்டாள். அந்தக் குளிர்ச்சியில் ஆற்றுப் பாலம் வரைக்கும் போய்விடலாம் என்ற தெம்பு வந்தது. கும்பிடு போட்டுவிட்டு ஓடினேன். அவள் பக்கத்தில் வந்தவளிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

"எந்த ஊரு சாமியோ தெரியலட்டி, கழுத்துல மணியெல்லாம் கட்டிக்கிட்டு வருது."

ஸ்டேஷன் வாசலில்

ஸ்டேஷன் வாசலில் ஜட்கா நின்றது. இன்ஸ்பெக்டர் கையில் கடிகாரம். தன் கட்டத்துக்குத் தம்பியை நிறுத்திவிட்டு முந்தின நாளே வந்திருந்த இசக்கி, தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டுத் துண்டைத் தலைக்கு மேல் சுற்றினான். பையை இன்ஸ்பெக்டர் காலடியில் வைத்தேன். ஐந்து மணி நேரம் ஆக இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. இசக்கி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான், நானும் அழுதேன்.

இன்ஸ்பெக்டர் என் முதுகில் தட்டினார். "சபாஷ்! ஜட்கா வேண்டாம். சொன்னபடி ரோடு உனக்குத்தான். ஆனால் ஒரே ஆள் இவ்வளவு நன்றாக ஓடும்போது ஐந்து பேர் எதற்கு? நாளையிலிருந்து நீயே முழுவதும் ஓடு. மற்ற நாலு பேரை நிறுத்திவிடலாம்" என்றார். இசக்கியின் கை என் தோளிலிருந்து தானாய் நழுவியது. ஐயையோ, நாலு பேர் சோற்றில் நானே ஓடிவந்து மண்ணைப் போட்டேனே! ஜட்கா வந்திருந்தால்கூட ஐந்து பேரும் ஒன்றாய்ப் போயிருப்போமே! எங்கே பார்ப்பதென்று தெரியாமல் குதிரையைப் பார்த்தேன். அதன் உடம்பில் அவ்வளவாக வேர்வையைக் காணோம்.

"அண்ணாச்சி, இது வள்ளியூருல பூட்டுன குதிரையா?" என்று கேட்டேன். "அது எப்படிவே? நாங்குநேரியில ஒரு மாத்து, மூன்றடைப்புல ஒரு மாத்து. இது மூணாவதுல்லா" என்றார் ஜட்கா அண்ணாச்சி, பெருமையாக. "ஒரே குதிரையை மாத்தாம அவ்வளவு தூரமும் தெனமும் ஓட்டுனா என்ன?" என்றேன். அவருக்கு வந்துவிட்டது கோபம். "கூறு இருக்காவே ஒமக்கு? வாயில்லாத சீவனை அப்படிப் போட்டு அடிக்கலாமா? ஒரு வாரத்துல செத்துப்போவும்! தொழில் தெரிஞ்ச எவனாவது அந்தப் பாவத்தைச் செய்வானா?"

நான் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினேன். "கேட்டியளா ஐயா? குதிரைக்கு மாத்து உண்டு, மாத்துற எடத்துல தாமதமும் உண்டு, அதை யாரும் குத்தம் சொல்லல. மனுசனுக்கு மட்டும் மாத்து கெடையாதா? ஒரு நாளைக்கு ஓடுனது என் ரோசம். தெனமும் ஓடுததுக்கு அஞ்சு பேரு வேணும். இல்லைன்னா அண்ணாச்சி ஒரே குதிரையை நாளைக்குப் பூட்டட்டும், அது ஓடுத அன்னைக்கு நானும் ஓடுதேன்" என்று சொல்லிவிட்டு அந்த வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எழுந்திருக்கவும் முடியாது, அது வேறு விஷயம். கூட்டம் கூடிவிட்டது. இன்ஸ்பெக்டர் குதிரையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். காலில் ரத்தம். கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "ஐந்து பேரும் இருந்து தொலையுங்கள்" என்று உள்ளே போய்விட்டார். ஜட்கா அண்ணாச்சி கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறப் போனார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"ஏ பாவி மனுசா, என் வாயைப் புடுங்கியே என் குத்தகையைக் கெடுத்துட்டீரேவே!"

மனுசனுக்கு உள்ளதைக் கேட்டபோது கிடைக்கவில்லை, குதிரைக்கு உள்ளதைக் கேட்டோம், ஐந்து பேருக்கும் கிடைத்தது.