போதகர் வாசலில் நின்றால்

நோர்வேயில் ஒருவர் வீட்டுக்குப் போவதென்றால் முதலில் போன் பண்ணிக் கேட்க வேண்டும். வந்து இவ்வளவு வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. நோயில் கிடக்கிற மனுசியிடம் என்ன அனுமதி?

இங்கர் சேர்ச்சில் என் பக்கத்தில் இருப்பவர், எழுபது தாண்டிய விதவை. ஒரே மகனுக்குக் கடலுக்குள் எண்ணெய்க் கிணற்றில் வேலை. இரண்டு ஞாயிறாக அவரைக் காணவில்லை, போனும் எடுக்கவில்லை. மற்றவர்களிடம் கேட்டேன். "தனியாக இருக்க விரும்புகிறாரோ என்னவோ" என்றுவிட்டுக் கோப்பி குடித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் ஊர் கல்முனையில் அப்படி விடமாட்டார்கள். ஒருமுறை நான் காய்ச்சலில் படுத்திருக்க, ஆராதனை முடிந்த கையோடு போதகரும் றோசி அக்காவும் வீட்டுக்குள் வந்து நின்றார்கள்.

"என்னகா, சேர்ச்சுக்கு வரல்ல? காய்ச்சலா?" என்று கேட்டார் றோசி அக்கா.

"ஓம் அக்கா."

"சொல்லி அனுப்பியிருக்கலாமே. எழும்பாத, கஞ்சி வெச்சுத் தாறன்."

நிம்மதியாகப் படுக்க விடுகிறார்களா என்று அன்றைக்கு எரிச்சல்தான் பட்டேன்.

அந்த நினைப்பில், இங்கரைப் போய்ப் பார்ப்போமென்று இங்குள்ள போதகரை அரித்தெடுத்தேன். "சொல்லாமல் நான் போவது சரியில்லை" என்று தயங்கினார். கூச்சமாக்கும் என்று நினைத்து, இழுக்காத குறையாகக் கூட்டிப் போனேன்.

குளிர்காலம், மத்தியானம் திரும்பியதுமே இருட்டிவிட்டது. மணியடித்தோம். திரைச்சீலை விலகி இங்கரின் முகம் தெரிந்தது. போதகரின் வெள்ளைக் கழுத்துப்பட்டியைப் பார்த்தார், திரை மூடிக்கொண்டது. கதவு திறக்கவில்லை. உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது. பிறகு "இல்லை, இல்லை" என்ற குரல் மட்டும் கேட்டது. போதகர் கதவில் வாயை வைத்துக் கத்தினார்: "மகன் சுகமாக இருக்கிறார், இங்கர். உங்களைப் பார்க்கத்தான் வந்தோம்."

இந்த நாட்டில் திடீர்ச் சாவைச் சொல்ல வீட்டு வாசலுக்கு வருவது போதகர்தானாம். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.

கதவைத் திறந்த இங்கர் அப்படியே தரையில் இருந்துவிட்டார். நெஞ்சுச்சளி, எழும்பிச் சமைக்கவும் ஏலவில்லை. யாருக்கும் தொந்தரவு வேண்டாமென்று போனை எடுக்கவில்லையாம். கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டேன், கஞ்சி வைத்துக் கொடுத்தேன். அதன்பிறகு, யாராவது வராவிட்டால் இரண்டு பேர் போய்ப் பார்ப்பதென்று சேர்ச்சில் பேசி வைத்துக்கொண்டோம்.

போன ஞாயிறு எனக்கே காய்ச்சல், போகவில்லை. மத்தியானம் மணியடித்தது. திரையை விலக்கினேன். போதகர், பக்கத்தில் சூப்புச் சட்டியோடு இங்கர். நானே கேட்டுத் தொடங்கிய வழக்கம், ஓடிப்போய்த் திறந்திருக்க வேண்டும். கை பூட்டுக்குப் போகவில்லை. கல்முனையில் தனியே இருக்கும் அம்மாவின் பெயரைச் சொல்லிவிடுவார்களோ என்று கதவுக்கு இந்தப் பக்கமே நின்றேன்.