இல்லை என்று சொல்ல வராத டர்பைன்காரர்

எரிவாயுவில் சுழன்று மின்சாரம் தரும் டர்பைன்களை வாழ்நாளெல்லாம் விற்றவர் அவர். கத்தரிக்காயா, கூவி விற்க? மின்நிலைய முதலாளிகளின் வரவேற்பறைகளில் உட்கார்ந்து உட்கார்ந்தே அவர் பேண்ட்டின் பின்புறம் பளபளத்துப்போயிருந்தது. எந்த முதலாளி எதைச் சொன்னாலும் "ஆகட்டும் சார்" என்பார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'ஆகட்டும்'.

நடுவில் சூரியத் தகடும் காற்றாலையும் மலிந்தன. எரிவாயு டர்பைனைச் சீந்த ஆளில்லை. நிறுவனம் தொழிற்சாலையில் பாதியை இழுத்து மூடியது.

பிறகுதான் கூத்து. கம்ப்யூட்டர்களை அடுக்கிவைக்கும் தகவல் மையங்கள் திசைக்கொன்றாக முளைத்து, இரவு பகல் பாராமல் மின்சாரத்தை விழுங்கின. வெயிலுக்கும் காற்றுக்கும் காத்திருக்க அவற்றுக்குப் பொறுமையில்லை. எல்லாரும் டர்பைன் கேட்டு விழுந்தடித்து வந்தார்கள். மிச்சமிருந்த பாதித் தொழிற்சாலை திணறியது. வரிசை ஆண்டுக்கணக்கில் நீண்டது.

முன்பெல்லாம் அவரைக் கண்டாலே போனில் பேசுவதுபோல் நடித்த மின்நிலைய முதலாளி ஒருவர், இப்போது அவருக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

"அண்ணே, அடுத்து வர்ற டர்பைன் எனக்குத்தான். நீங்க மனசு வச்சா முடியும்."

நம்மவர் நெய்யாக உருகினார். "ஆகட்டும் சார்." அதே டர்பைனுக்கு அவர் ஏற்கெனவே இரண்டு பேரிடம் ஆகட்டும் என்றிருந்தார்.

விஷயம் தெரிந்ததும் மேலாளர் கூப்பிட்டுக் குதித்தார். "மூணு பேருக்குப் பிரிச்சுக் கொடுக்க அதென்ன கேக்காய்யா? முதல்ல கேட்டவருக்குத்தான் மிஷின். மத்த ரெண்டு பேர்கிட்டயும் நீயே இல்லைன்னு சொல்லு."

வீட்டுக்கு வந்தவர் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. விஷயத்தைக் கேட்டாள், போனைப் பிடுங்கி எண்ணைத் தட்டினாள்.

"டர்பைன் இப்போ கிடையாதுங்க. ரொம்ப வருஷம் ஆகும்."

கார்க் கதவு முதலாளி குழைந்தார். "மேடம், கொஞ்சம் பார்த்து..."

"கன்னம் வீங்கி வர்றவங்களையே நான் நடுவுல விடறதில்ல. பேரைச் சொல்லுங்க, வரிசைல போடறேன்."

மறுமுனை பணிவாகப் பெயரைச் சொன்னது. அடுத்தவரும் அப்படியே அடங்கினார்.

மறுநாள் இருவருமே மேலாளரிடம் அந்த அம்மாவைப் புகழ்ந்தார்களாம்: கறார்தான், ஆனால் வழவழா கொழகொழா இல்லை. மேலாளர் வீடு தேடி வந்தார். "எங்க ஆபீஸுக்கே வந்துடுங்களேன்மா."

"முடியாதுங்க" என்றாள்.

"நல்ல சம்பளம்தானே, யோசிக்கலாமே" என்று இழுத்தார் நம்மவர்.

அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் எழுந்து பாத்திரம் கழுவப் போனார்.