ஒரு வரிச் சக்கரபாணி

சக்கரபாணியை நினைத்தாலே எனக்குக் குமட்டும். மரக்காணம் உப்பளத்தில் லாரிக்கு உப்பு சுமப்பவர்களின் சங்க அலுவலகத்தில் அவன் கம்ப்யூட்டர் பார்த்தான். நான் எடை போட்டேன். காலையில் யாருக்கு முறை என்று கம்ப்யூட்டர் காட்டும், அவன் மைக்கில் பேரைக் கூப்பிடுவான். கூப்பிட்டால்தான் அன்றைக்கு வேலை.

அந்த புரோகிராமை முதலில் எழுதியவள் ஜரீனா. பேசிக் என்கிற எளிய கம்ப்யூட்டர் மொழி. இது இப்படி இருந்தால் அதைச் செய் என்று, பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தாள். பக்கம் பக்கமாக நீளும். புதிதாக ஒரு உப்பளம் சேர்ந்தால் பல இடங்களில் திருத்த வேண்டும். அலுப்புத்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தப்பு எங்கே என்று யார் உட்கார்ந்தாலும் தேடிப் பிடிக்கலாம்.

அவள் கல்யாணமாகிப் போனதும், 2005இல், புதுச்சேரியில் படித்துவிட்டு இவன் வந்தான்.

"இது என்னங்க, அனுமார் வாலு மாதிரி? பெர்ல்னு இன்னொரு மொழி இருக்கு, அதுல ஒரே வரியில முடிச்சிடுவேன்" என்றான்.

முடித்தான். புள்ளி, கோடு, டாலர் குறி. கோழி கிளறின குப்பை. "ஒரே வரி!" என்று டீக்கடை வரைக்கும் பீற்றிக்கொண்டு திரிந்தான்.

கே. சவரியம்மாள் என்று ஒருநாளும் சவரியம்மாள் கே என்று மறுநாளும் பதிந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு முறை வந்துவிடுமாம். அதைத் தடுக்க அவன் வரி இனிஷியலையே விழுங்கியது. நம் ஊரில் ஆளைப் பிரித்துக் காட்டுவதே இனிஷியல்தானே? எம். சவரியம்மாள் என்று இன்னொருத்தியும் இருந்தாள். இரண்டு பேரும் ஒருத்தி ஆனார்கள். எம். சவரியம்மாளைக் கூப்பிட்டு அனுப்பியதும் அந்தப் பேருக்கு முறை முடிந்ததாகிவிடும்; கே. சவரியம்மாள் வெறுங்கையோடு வீடு திரும்பினாள், திரும்பத் திரும்ப.

கடைசியில் அலுவலகத்துக்கே வந்து நின்றாள்.

"வரியத் திருத்துடா" என்றேன்.

திரையையே முறைத்துக்கொண்டிருந்தான். எந்தப் புள்ளி எதைச் செய்கிறது என்று எழுதின அவனுக்கே தெரியவில்லை. தூ! கொஞ்சமும் கூசாமல் அவள் பக்கம் திரும்பினான்.

"யக்கா, உங்களுக்கு மேரின்னு பேர் போட்டுக்கலாமா?"

"சவேரியாருக்கு வேண்டிக்கிட்டு எங்கப்பா வெச்ச பேரு தம்பி. உன் வரிய மாத்து. எம்பேர ஏன் மாத்துற?"

அவன் மேரி என்றே பதிந்தான்.

மறுநாள் மைக்கில் "மேரி" என்றான். அவள் அசையவில்லை. மறுபடியும் "மேரி". அடுத்த பேருக்கு அவன் வாயெடுத்தபோது அவள் எழுந்து, சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு லாரிப் பக்கம் போனாள்.