அலாரம் 'கோ ஆஃப்' ஆனதா?

ரிங்லெட் என்ற மலை ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பதினாறு வருஷமாக இலை உலர்த்தும் எந்திரம் ருக்குமணியின் பொறுப்பு. பெண்கள் அந்தப் பக்கமே போகாத காலத்தில், மானேஜரிடம் அவளே கேட்டு வாங்கிய வேலை அது.

போன மார்ச்சில் ஒரு காலை, எந்திரத்துக்குள் தேயிலைத் தூள் பற்றிக்கொண்டது. அலாரம் அலறியது. ருக்குமணி விசிறியை நிறுத்தினாள், ஆட்களை வெளியே விரட்டினாள், தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு தானே போய் நெருப்பை அணைத்தாள். ஒருவருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை.

மறுநாள் கோலாலம்பூரிலிருந்து பாதுகாப்பு அதிகாரி வந்து ஆங்கிலத்தில் விசாரித்தார். அலாரம் 'கோ ஆஃப்' ஆனதா என்றார். ருக்குமணிக்குத் தெரிந்த ஆஃப் ஒன்றுதான்: லைட் ஆஃப், மோட்டார் ஆஃப். அலாரம்தான் கடைசிவரை நிற்கவே இல்லையே. 'நோ சார்' என்று அழுத்தமாகச் சொன்னாள்.

மூன்றாம் நாள் அறிக்கை மலாயில் கையெழுத்துக்கு வந்தது. மற்றவர்கள் மேலோட்டமாகப் பார்த்துப் போட்டுவிட்டார்கள். ருக்குமணி வரி விடாமல் படித்தாள். அலாரம் ஒலிக்கவில்லை, அதைச் சோதிக்காதது எந்திரப் பொறுப்பாளரின் தவறு என்றிருந்தது.

பேனாவை மூடிவிட்டு ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி புவனேஸ்வரனிடம் போனாள். அதிகாரி கேட்ட கேள்வியைச் சொன்னாள்.

"அலாரம் 'கோ ஆஃப்'னா அடிச்சிச்சுன்னு அர்த்தம்க்கா. லைட்டுக்குச் சொன்னா அணைஞ்சிருச்சுன்னு. பாலுக்குச் சொன்னா கெட்டுப்போச்சுன்னு."

"அடிச்சாலும் அதான், அணைஞ்சாலும் அதானா? இத எப்படிலா நான் கண்டுபிடிக்கிறது?"

அதிகாரி அன்று மானேஜர் அறையில் இருந்தார். ருக்குமணி கதவைத் தட்டி உள்ளே போய், நின்றபடியே மலாயில் பேசினாள். கேள்வி தனக்கு வேறு மாதிரி விளங்கியது, ஆனால் அலாரம் அடித்தது உண்மை, அதைக் கேட்டு வெளியே ஓடிய பதினோரு பேரையும் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றாள்.

அவர் கூப்பிட்டுக் கேட்டார். பதினோரு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். தான் மலாயிலேயே கேட்டிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டு அந்தப் பக்கத்தை மாற்றி எழுதினார். அலாரம் அடித்ததும் எந்திரத்தை நிறுத்தி ஆட்களைக் காப்பாற்றியவர் ருக்குமணி என்று புதிய அறிக்கை சொன்னது. அதில் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது அவள் தொழிற்சாலைப் பாதுகாப்புக் குழுவில் இருக்கிறாள். விசாரணைப் படிவத்தில் கேள்விகள் மூன்று மொழிகளில் இருக்கின்றன. தமிழ்க் கேள்விகள் அவள் சொல்லச் சொல்ல எழுதியவை.