தம்பி அடித்த கோல்

உதைபந்தாட்டத்தில் கோல் அடிக்கிறவனுக்குக் கால் வலிக்கும், அதை எழுதி வைக்கிறவனுக்குத் தலை வலிக்கும். சங்கங்களில் சம்பளமில்லாத பதவியில் மாட்டிக்கொண்டு முழிக்கிற அன்பர்களே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. எழுபதுகளில் திருகோணமலையில் எங்கள் லீக்கில் ஆண்டுதோறும் அதிக கோல் அடித்தவருக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் கொடுப்பார்கள். யார் எத்தனை அடித்தார் என்று கொப்பியில் எழுதுவது என் வேலை.

நான் மாட்டிய விதம்

துறைமுகப் பண்டகசாலையில் எழுதுவினைஞனாக இருந்தேன். ஒரு நண்பருக்குத் துணையாக லீக் கூட்டத்துக்குப் போனேன். தேநீர் குடித்துவிட்டு வரலாம் என்பதற்கு மேல் எனக்கு ஒரு நோக்கமும் இருக்கவில்லை. கோல் எழுத ஆள் வேண்டும் என்று செயலாளர் சொன்னதும் எல்லோரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். நான் வடைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நிமிர்ந்த தலை என்னுடையது மட்டும்தான்.

எனக்கு ஓஃப்சைட் என்றால் என்னவென்றே தெரியாது, ஆளை விடுங்கள் என்று கெஞ்சினேன். செயலாளர் சிரித்தார். “அதுதான் நல்லம். விளையாட்டுத் தெரிஞ்ச ஆள் எண்டால் ஒரு பக்கம் சாய்ஞ்சிருவார்.”

முதுகுக் கோல்

முதல் மாதமே வம்பு வந்தது. கிண்ணியா அணியில் ரசீன் என்று ஒரு முன்வரிசைக்காரர். கூட விளையாடியவர் ஓங்கி அடித்த பந்து ரசீனின் முதுகில் பட்டுத் திரும்பிக் கோலுக்குள் போய்விட்டது. அந்த நேரத்தில் ரசீன் கூட்டத்துக்குள் நின்ற யாருக்கோ கைகாட்டிக்கொண்டிருந்தார். நான் அடித்தவர் பெயரையே எழுதினேன்.

ஆட்டம் முடிந்ததும் ரசீன் என் கதிரைக்கு முன்னால் வந்து திரும்பி நின்றார். சட்டையின் முதுகில் வட்டமாகச் சேறு. மத்தியஸ்தரும் அவர் பக்கமே பேசினார். நான் வெட்டித் திருத்தி எழுதும்வரை ரசீன் நகரவில்லை. “அண்ணன், பாத்து அடிச்சாத்தான் கோலா? பட்டது என்ர முதுகுதானே!”

மழையில் ஒரு சொல்

அதன் பிறகு என் கண்ணை நம்புவதை விட்டுவிட்டேன். கோல் விழுந்தால் உடனே அந்த அணித் தலைவரைக் கேட்டு எழுதுவது என்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். கெட்டிக்கார ஏற்பாடு என்று எனக்குள் பெருமை வேறு.

எங்கள் துறைமுக அணியின் தலைவர் செல்வராசா. அந்த அணியில் அதிகம் கோல் அடிப்பவர்கள் இருவர். ஒருவன் அந்தோனி, மூதூருக்கு ஆள் ஏற்றிப் போகும் லோஞ்சில், அந்த இயந்திரப் படகில், வேலை. வீட்டில் கடைக்குட்டி என்பதால் சின்ன வயதிலிருந்தே ஊர் முழுக்க அவனுக்குத் தம்பி என்றுதான் பெயர், என் கொப்பியிலும் அப்படித்தான். மற்றவன் யோகன், செல்வராசாவின் கூடப்பிறந்தவன். கடைசி ஆட்டத்தில் மாரிமழை கொட்டியது. கண்ணாடியில் தண்ணீர், கொப்பியில் தண்ணீர், எதிரே நிற்கிற ஆளைக்கூட மட்டுக்கட்ட முடியவில்லை. கூட்டம் கத்தியது, கோல் என்று தெரிந்தது. மற்ற நாளெல்லாம் அடித்த ஆளைச் செல்வராசா கையால் காட்டிவிடுவார், அன்றைக்கு அவர் கையே தெரியவில்லை. யார் அடித்தது என்று அவர் பக்கம் பார்த்துக் கத்தினேன். “தம்பி!” என்றார்.

இரண்டு அழைப்பு

அந்த ஒரு கோலால் அந்தோனிக்கு யோகனைவிட ஒன்று கூடுதல். செயலாளர் அறிவித்தல் பலகையில், அதிக கோல் அடித்தவர் தம்பி என்று ஒரே வரி எழுதிப் போட்டார். பரிசளிப்புக்கு முதல்நாள் காலையில் அந்தோனியின் தாயார் என்னை விருந்துக்கு அழைத்தார். சீனி கூப்பனுக்குக் கிடைத்த காலம் அது. இரண்டு மாதச் சீனியை மிச்சம்பிடித்துக் கேக் அடித்திருக்கிறாராம். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

பின்னேரம் செல்வராசா வந்தார். தன் வீட்டிலும் விருந்து, கோழி அடிக்கப்போகிறார்கள் என்றார். எதற்கு என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “என்னண்ணை, தம்பிக்குக் கப் கிடைச்சதை எழுதினதே நீங்கள், இப்ப எதுக்கெண்டு கேக்கிறியள்?”

லோஞ்சடியில்

மழைக்குள் விழுந்த கோலை மெல்லக் கேட்டேன். யோகன் அடித்ததுதான். ஊரே தம்பி என்று கூப்பிடுகிறவனைச் செல்வராசா மட்டும் அந்தோனி என்று கூப்பிடுவார், அவருக்குத் தம்பி என்றால் கூடப்பிறந்தவன்தான், பலகையில் இருந்த தம்பியையும் அப்படியே எடுத்துக்கொண்டார். கோல் இடம் மாறினால் கிண்ணம் யோகனுக்கு. பேசாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் யோகனின் முகத்தை நாளைக்கு எப்படிப் பார்ப்பது? இறங்குதுறைக்கு ஓடினேன்.

அந்தோனி லோஞ்சின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொல்லி, பிழை முழுக்க என்னுடையது, மன்னித்துக்கொள் என்றேன். கோபித்தால் தண்ணீருக்குள் தள்ளுவான் என்று இரண்டடி தள்ளித்தான் நின்றேன். அவன் கயிற்றை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தான். கண் கலங்கியிருந்தது. “பலகையைப் பாத்த நாளிலயிருந்து எனக்கு நித்திரை இல்லை அண்ணை. அந்தக் கோல் நான் அடிக்கேல்லை. அம்மா கேக் அடிச்ச பிறகு சொல்ல வாய் வரேல்லை. நீங்கள் வந்தது பெரிய புண்ணியம்.”

கிண்ணத்தில் இருந்த பெயர்

தாயாரிடம் இருவரும் சேர்ந்தே போய்ச் சொன்னோம். அவர் கேக்கைப் பெரிய துண்டாக வெட்டி யோகன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது, சின்னதுதான். மறுநாள் மேசையில் கிண்ணத்தைக் கண்டபோதுதான் அடுத்த பயம் பிடித்தது. பெயர் பொறித்தாயிற்றே! எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். செயலாளர் பலகையில் இருந்ததை அப்படியே நகைக்கடைக்காரரிடம் கொடுத்திருக்கிறார். அழகான எழுத்தில், தம்பி. அதற்கு மேல் ஓர் எழுத்தும் இல்லை. அந்தச் செயலாளரின் சோம்பலுக்கு நான் கும்பிடு போடாத குறை.

பிரதம விருந்தினர் தம்பி என்று வாசித்ததும் கூட்டம் அந்தோனியைப் பார்த்துக் கைதட்டியது. அவனோ, பக்கத்தில் கூச்சத்தோடு நின்ற யோகனை முதுகில் பிடித்து மேடைக்குத் தள்ளிவிட்டான். செல்வராசா அந்தோனியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், முதல்தடவையாகத் தம்பி என்றும் கூப்பிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மனம் நொந்துபோனாயா என்று பிறகு அந்தோனியைக் கேட்டேன். “என்னத்துக்கு அண்ணை? கோல் அவன்ர, பேர் என்ர. எனக்குப் பிள்ளையள் பிறந்தால் யோகன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கப்பைக் காட்டுவன்.”

அடுத்த ஆண்டிலிருந்து ஒவ்வொருவர் பெயரையும் தகப்பன் பெயரோடு சேர்த்து எழுதினேன். மூன்றாம் ஆட்டத்திலேயே பெயரும் தகப்பன் பெயரும் ஒன்றாக உள்ள இரண்டு பேர் ஒரே அணியில் வந்து சேர்ந்தார்கள்.