மில்காரரின் புழுத்தொட்டி

முழங்கை வரை தொட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி உரத்தை அள்ளி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துபார்ப்பார் மில்காரர். மழை நனைத்த மண் மாதிரி மணந்தால் மட்டும் தலையை ஆட்டுவார். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், கைதிகளுக்கு மண்புழு உரம் தயாரிக்கச் சொல்லிக்கொடுக்க வாரம் மூன்று நாள் சிறைக்குப் போய்வந்தேன். என்னிடம் படித்தவர்களில் அவரைப்போல் கைராசிக்காரர் ஒருவரும் கிடையாது. மில்லில் தறி ஓட்டியவர். குடிவெறியில் மைத்துனனை அடித்துக் கொன்றுவிட்டு ஆயுள் தண்டனையில் இருந்தார். அதை அவர் மறைத்ததில்லை.

முன்கூட்டியே விடுதலை செய்வதற்கான பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அவருடைய வேலையைப் பற்றி நான் எழுதும் அறிக்கையும் அதில் சேரும். உப்பளம் பகுதியில் இருந்த வீட்டில் அவர் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தார். “அதுக்குக் கண்ணு தெரியும்போதே போயிடணும் சார். கொரல மட்டும் கேட்டா நான்தான்னு நம்பாது” என்பார். வேறெதுவும் அவர் என்னிடம் கேட்டதில்லை.

பட்டியலைப் பார்க்கும் அதிகாரிகள் சிறைக்கு வருவதாகத் தகவல் வந்தது. பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் நம் ஊரில் முதலில் வாங்குவது பிளீச்சிங் பவுடர்தானே. பாதையோரம் வெள்ளைக்கோடு, சாக்கடையில் இரண்டு கை, எல்லாம் சுத்தமாகிவிடும். முதல் நாள் சாயங்காலம் தலைமை வார்டர் என்னை மறித்தார். “சார், தொட்டி நாத்தம் அடிக்குது. கொஞ்சம் பவுடர் தூவி வுட்டுடலாமா?” எனக்குச் சாரம் பகுதியில் இருக்கும் வீட்டுக்குப் போக டெம்போவைப் பிடிக்கும் அவசரம். “என்னவோ பண்ணுங்க” என்றேன். தொட்டிப் பக்கம் மருந்து வாடையே ஆகாது என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியவனும் நான்தான்.

மில்காரரை அறையில் பூட்டிய பிறகு தூவியிருக்கிறார்கள். காலையில் போனபோது புழுக்கள் தொட்டிச் சுவரேறி வெளியே விழுந்து, சிமெண்டுத் தரையில் சுருண்டு கிடந்தன. அவர் ஈரச்சாக்கை விரித்துவைத்துக்கொண்டு, உயிர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். வந்த அதிகாரி மூக்கைப் பொத்தியபடி, “இதுக்கு யாரு பொறுப்பு?” என்றார். தலைமை வார்டர் மில்காரரைக் கைகாட்டினார். மில்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அன்றே அறிக்கை கேட்டார்கள். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. பராமரிப்பில் கைதியின் கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான், நடுங்கவில்லை. அவர் பெயரை அடித்துவிட்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அம்மா போய்ச் சேர்ந்தார். போலீஸ் காவலோடு சுடுகாட்டுக்குக் கூட்டிப்போய்க் கொள்ளி வைக்கச் சொல்லி, உடனே திரும்பக் கொண்டுவந்தார்களாம்.

இப்போது மாடித்தோட்டம் போடுகிறவர்களும் பள்ளிக்கூடங்களும் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். சிறைக்குள் பசுமையைக் கொண்டுபோனவர் என்று சொல்லிச் சால்வை போர்த்துகிறார்கள். வெட்கமில்லாமல் குனிந்து வாங்கிக்கொள்கிறேன். அவரைப் பற்றி மட்டும் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

அப்போது அவர் அம்மாவின் காரியம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். மொட்டைத் தலையில் முளைத்த முடியோடு என் முன்னால் வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன்; திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். “அடுத்த வகுப்புக்கு ஆளு எடுக்குறீங்களாமே சார். என்னையும் சேத்துக்குங்க. இந்தவாட்டி கவனமா இருக்கேன்” என்றார்.

அந்த முகத்தை வாரம் மூன்று நாள் பார்க்க என்னால் முடியாது. இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பத்துப் பேருக்கான அந்த வகுப்பில் ஏழு பேர்தான் இருந்தார்கள்.