ஒரு சொல்லாவது அடிக்க வேண்டும்

குடிநீர் அலுவலகத்தில் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து தொலைபேசி எடுப்பவளை எல்லாரும் 'வணக்கம் அக்கா' என்பார்கள். இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு அழைப்புக்கும் முதலில் வணக்கம், பிறகு மேலிடம் எழுதிக் கொடுத்த பதில். இந்தப் பழக்கம் வீடு வரை தொற்றியிருந்தது. புருஷன் காபி கேட்டால், "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்பாள். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது.

அன்று காலை சாக்கடைக் குழாய் உடைந்து குடிநீர்க் குழாயோடு உறவாடிவிட்டது. எட்டு மணிக்கே குழாய் வேலை பார்க்கும் பிட்டர் வந்து சொல்லிவிட்டான். எட்டே காலுக்கு எழுத்தர் அறிவிப்பும் எழுதிவிட்டார்: "குழாய் நீரில் சாக்கடை கலந்துவிட்டது. யாரும் குடிக்க வேண்டாம்."

அந்த அலுவலகத்தில் ஒரு மரபு உண்டு. தாளைப் படித்ததற்கு அடையாளமாக ஒவ்வொரு அதிகாரியும் ஒரு சொல்லாவது அடிக்க வேண்டும். சும்மா கையெழுத்துப் போடுபவன் வேலை தெரியாதவன். முதலாமவர் 'சாக்கடை'யை அடித்தார், அசிங்கமாம். இரண்டாமவர் 'கலந்துவிட்டது' என்பதை அடித்தார். எது கலந்தது என்றே தெரியவில்லையாம். மூன்றாமவர் 'யாரும்', நான்காமவர் 'குடிக்க'. பன்னிரண்டு மணிக்குத் தாள் ஐந்தாமவரான பெரிய அதிகாரியிடம் போனது. அவர் மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலைத் திறந்து, இரண்டு மடக்குக் குடித்து, மிச்சமிருந்த மூன்று சொற்களையும் ஆழ்ந்து பார்த்து, ஒன்றைத் தாமே சேர்த்தார். அறிவிப்பு கீழே வந்தது.

"குழாய் நீரில் பதற்றம் வேண்டாம்."

"இதையே சொல்லுங்கக்கா. கூடுதலா ஒரு வார்த்தை வேணாம்," என்றார் எழுத்தர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

காலையிலிருந்து "விசாரணையில் உள்ளது" என்றே சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு கசந்திருந்தது. மணி அடித்தது. குழந்தைகள் காப்பக ஆயா.

"அக்கா, தண்ணி நாறுது. முப்பது பிள்ளைங்களுக்குப் பால் பவுடர் கலக்கணும். அழுதுட்டு உக்காந்திருக்குதுங்க. கலக்கட்டுமா, வேணாமா?"

வணக்கம் அக்கா தாளைப் பார்த்தாள். நாற்றம் குழாயில் மட்டும் இல்லை.

"கலக்காத தாயி. சாக்கடை கலந்திருக்கு. இருக்கற தண்ணியக் கொட்டு. வெளியிலேர்ந்து நல்ல தண்ணி வாங்கு."

"காலையில ஒரு தடவ குடுத்துட்டனேக்கா!"

"டாக்டருக்கு இப்பவே போன் போடு. நீதான் குடுத்தன்னு பயப்படாத. நாங்கதான் சொல்லல."

போனை வைத்தவள் புகார் நோட்டை எடுத்தாள். காலையிலிருந்து அழைத்த நாற்பத்தொரு எண்களையும் ஒவ்வொன்றாகச் சுற்றத் தொடங்கினாள். எழுத்தர் பதறினார்: "அக்கா, வேலை போயிரும்!" அவள் கையால் போ என்றாள்.

முப்பத்தெட்டாவது எண்ணில் இருந்தபோது தாள் ஒன்று மாடியிலிருந்து இறங்கி வந்தது. அவளுடைய பணிநீக்க உத்தரவு. எழுதிப் பத்தே நிமிடம். ஐந்து கையெழுத்துகளும் இருந்தன. ஒரு சொல்கூட அடிபடவில்லை.

அவள் அதை முழுசாகப் படித்தாள். எவ்வளவு தெளிவாக எழுதத் தெரிந்திருக்கிறது இவர்களுக்கு என்று அருவருப்போடு மடித்து, நோட்டுக்கு அடியில் வைத்தாள். இன்னும் மூன்று எண்கள் பாக்கி.

"வணக்கம். குடிக்காதீங்க."